கூட்ஸ் வண்டிக்குக் காத்திருந்த வகுப்பு

இதனால் டோல்கேட் முதல் எண்ணூர் வரை வசிக்கும் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: எர்ணாவூர் காலனி பாலர் வகுப்பைச் சேர்ந்த திருவாளர் முனிரத்தினம், வயது மூன்றரை, இன்று காலை பிறர் உதவி ஏதுமின்றித் தமது சட்டைப் பொத்தான்கள் அனைத்தையும் தாமே மாட்டிக்கொண்டார். முதல் பொத்தான் இரண்டாம் துளைக்குப் போய்விட்டதால் காலரின் ஒரு பக்கம் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

அண்ணி, இந்தச் செய்தியை உங்களிடம் ஓடிவந்து சொல்லத்தான் திரும்பினேன். வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்த பிறகுதான், அடுப்படியில் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. கையில் அந்தப் பொத்தான் சட்டம் இருந்தது. அண்ணனுடைய பழைய காக்கிச் சட்டையை வெட்டி, மரச்சட்டத்தில் ஆணியடித்து, நடுவில் பெரிய பெரிய பொத்தானாக நீங்கள் தைத்து வைத்தீர்களே, அதேதான். எத்தனை குழந்தைகளின் எச்சில் விரல் பட்டும், எத்தனை முறை சோப்புப் போட்டும் கம்பெனி எண்ணெய் வாடை அதிலிருந்து போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் நம் வீடு முழுக்க அதற்குள் இருக்கிறது. கொடியில் காயும் காக்கி, உள்ளறையில் போர்த்திக்கொண்டு தூங்கும் அண்ணன், வாயில் விரல் வைத்து என்னை மிரட்டும் நீங்கள்.

நீங்கள் தூத்துக்குடியிலிருந்து மருமகளாக வந்தபோது கூடவே வந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, பாலர் கல்வி படித்த சான்றிதழ், "சொல்லுதேன், செய்யுதேன்" என்ற பேச்சு. முதல் வாரமே நான் அந்தப் பேச்சை நடித்துக் காட்டினேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏ தம்பி, நல்லாத்தான் பேசுத. ஆனா உள்ள படுத்திருக்க ஒங்கண்ணன் எந்திரிச்சா நீயே பதில் சொல்லிக்கோ, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என் கிண்டலுக்கு அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு எதிரி கிடைத்த சந்தோஷம் எனக்கு.

காலனி மன்றத்துக் கொட்டகையைக் கேட்டு வாங்கி நீங்கள் வகுப்பைத் தொடங்கினீர்கள். என் பள்ளியில் இடம் போதாமல் எங்களுக்குப் பிற்பகல் வகுப்புதான். அதனால் காலை முழுக்க நான் சும்மா இருப்பவன், அதாவது ஊருக்கு ஆபத்தானவன். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டது பாதி உதவிக்கு, பாதி தெருவின் பாதுகாப்புக்கு என்று அண்ணன் சொல்வார்.

வாரத் திட்டம் போடுவது சனிக்கிழமை மதியம். அடுத்த வாரத்துக்குப் பொருளாக ஒன்றை எடுத்துக்கொள்வீர்கள். கயிறு, உப்பு, சக்கரம் என்று நம் பக்கத்திலேயே கிடைக்கிற ஏதோ ஒன்று. பிறகு மூன்று கேள்வி. கைக்கு என்ன, காதுக்கு என்ன, வாய்க்கு என்ன? கயிறு வாரமென்றால் கைக்கு முறுக்குவதும் அவிழ்ப்பதும், காதுக்குக் கயிற்றில் தொங்கும் மணி, வாய்க்குக் கயிறு இழுக்கும்போது பாடும் பாட்டு. "வாய்க்கு வடை" என்பேன் நான். அண்ணன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் வாரமானால் இத்தனையும் கிசுகிசுப்பிலேயே நடக்கும். கிசுகிசுத்துச் சொன்ன நகைச்சுவைக்குப் பாதி மதிப்புதான். ஆனாலும் நீங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பீர்கள். நீங்கள் திட்டம் போட்டீர்கள், நான் திட்டு வாங்கினேன். வேலைப் பிரிவினை அவ்வளவுதான்.

ஆனால் எவ்வளவு யோசித்துப் போட்ட திட்டமும் சில வாரம் தேன் மாதிரி ஓடும், சில வாரம் திங்கட்கிழமை காலையே கவிழ்ந்துவிடும். கடிப்பார்கள், தள்ளுவார்கள், மணல் தட்டைத் தலையில் கொட்டிக்கொள்வார்கள். நான்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். என் புகழ் அப்படி.

காரணத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு பொம்மை. லில்லி என்ற சின்னப் பெண் ஒருநாள் வீட்டு விளையாட்டு விளையாடினாள். மற்றக் குழந்தைகள் அந்த விளையாட்டில் சோறு ஆக்குவார்கள், கடைக்குப் போவார்கள். லில்லி பொம்மையைப் படுக்க வைத்துத் துணியால் மூடினாள். பிறகு விரலை உதட்டில் வைத்து எல்லாரையும் பார்த்து, "உஷ். நைனா தூங்குது" என்றாள். உடனே அத்தனை பேரும் அடங்கினார்கள். சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த பாடம் அது. ஒற்றை அறை வீடு. ராத்திரி வேலை முடித்த அப்பன் பகலில் அங்கேதான் தூங்க வேண்டும். விடிந்ததிலிருந்து வாயை மூடி வைத்த பிள்ளை நம் கொட்டகைக்கு வந்ததும் வெடிக்காமல் என்ன செய்யும்?

அன்று நீங்கள் மதியச் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் கொட்டகைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் படம் போட்டீர்கள். காலை ஷிப்டுக்கு முழுச் சூரியன், மாலை ஷிப்டுக்குப் பாதிச் சூரியன், ராத்திரி ஷிப்டுக்கு நிலா. அண்ணன் வேலை பார்க்கும் பிரிவு ஆட்கள்தான் காலனியில் முக்கால்வாசி. மாறினால் கும்பலாக மாறுவார்கள். அதற்குத் தகுந்தபடி வகுப்பும் மாறும். சூரிய வாரத்தில் பிள்ளைகள் முந்தைய மாலை அப்பனோடு இருந்திருப்பார்கள், பேச விஷயம் இருக்கும், ஆகவே காலையில் கதை. நிலா வாரத்தில் காலையில் முதல் வேலை கத்துவது. தொண்டை காலியான பிறகுதான் கைவேலை.

நிலா வாரத்தின் முதல் நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. "கப்பல் எப்படிக் கத்தும்?" என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் கொட்டகை துறைமுகமாகிவிட்டது. நானும் என் பங்குக்குக் கம்பெனிச் சங்கு ஊதினேன். நாம் இருவரும் மறந்த ஒன்று, நிலா வாரமென்றால் காலனி அப்பன்மார் எல்லாரும் சுற்றிலும் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது. சங்குச் சத்தம் கேட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர் டிபன் பாக்ஸோடு கிளம்பியே விட்டார். மற்றவர்கள் லுங்கியோடு வாசலில் நின்றார்கள். "இன்னா டீச்சரம்மா, இஸ்கூலா இது, மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டவருக்குப் பின்னால் கண் சிவந்து நின்ற ஆசாமி என் அண்ணன்.

அதன் பிறகுதான் கத்தும் பாடம் எர்ணாவூர் ரயில்வே கேட் பக்கத்துப் பொட்டலுக்கு மாறியது. கயிறு வாரத்தில் செய்த நீளக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, முன்னால் நீங்கள், வாலில் நான். தண்டவாளத்துக்கு வெகு தூரத்தில், வேப்பமரத்தடியில் நிற்க வைப்பீர்கள். என்னைச் சத்த வாத்தியாராக நியமித்தீர்கள். எர்ணாவூரிலேயே பெரிய தொண்டை என்னுடையது என்பதில் அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை.

என் வாத்தியார் வேலைக்குச் சவாலாக இருந்தவன் ஒருவன்தான். சவரிமுத்து. மற்றப் பிள்ளைகளுக்கு நிலா வாரம் வரும், போகும். சவரியின் அப்பா குடோன் காவலாளி. வருஷம் முழுக்க நிலா. நாலு வயது தாண்டியும் அவன் வாயிலிருந்து காற்றுக்கு மேல் எதுவும் வராது. உதடு அசையும். நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். அழுதால்கூடச் சத்தமில்லாமல் அழுவான். அதைப் பார்க்கத்தான் முடியாது.

அவன் அம்மா மீன் கூடையோடு வந்து கொட்டகை வாசலில் நின்ற காலை நினைவிருக்கிறதா? மன்றத்தில் மற்ற அம்மாக்களும் எழுத்து எங்கே, சிலேட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். அவர் கூடையை இறக்காமலே பேசினார்.

"எய்த்து கத்துக் குடுப்பேன்னு பாத்தா மண்ணுல வெள்ளாட வுட்டுகினு கீற. மண்ணுல வெள்ளாட இஸ்கூல் இன்னாத்துக்கு? என் வூட்டு வாசல்லயே கடலு கீது."

"எழுத்து எங்கயும் ஓடிப் போவாதுக்கா. மொதல்ல அவன் சத்தம் வெளிய வரட்டும்."

"வராட்டி? பெரிய இஸ்கூல்ல பேர் கேப்பாங்கோ. சொல்லலன்னா ஊமைன்னு எய்தி அனுப்பிடுவாங்கோ. அப்பால என்னாட்டம் இதுவும் கூடதான் தூக்கணும்."

ஜூன் மாதம் வரைக்கும்தான் பார்ப்பேன், அதற்குள் பையன் தன் பேரையாவது சொல்ல வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட்டுத் தன்னோடு கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகத்தான் போனார். ஆனால் முனையில் திரும்பும்போது கண்ணைத் துடைத்ததை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

அன்றிலிருந்து என் திறமை முழுவதையும் சவரிக்கே அர்ப்பணித்தேன். காகிதப் பையை ஊதி முதுகுக்குப் பின்னால் உடைத்தேன். ரப்பர் பல்லியைச் சட்டைக்குள் விட்டேன். மரத்திலிருந்து விழுவது போல நடித்து நிஜமாகவே விழுந்தேன். கடைசியில் சொன்னதற்கு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அதுவும் சத்தமில்லாமல். நீங்கள் என் முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "பயந்து வார சத்தம் வேண்டாம் தம்பி. அது கதவத் தொறக்காது, ஒடைக்கும்."

கொஞ்ச நாள் கழித்து ஒரு நிலக்கரி கூட்ஸ் வந்தது. முடிவே இல்லாத நீளம். பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன், ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கவில்லை. கடைசிப் பெட்டி போனதும் நான் வழக்கம்போல மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நீங்கள் சவரிக்கு முன்னால் மண்டியிட்டு அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பியபோது உங்கள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"இவன் கத்துனான் தம்பி. கழுத்து நரம்பு பொடச்சிருந்துச்சு."

"எனக்குக் கேக்கலையே அண்ணி."

"ஒனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் கத்துனான். வண்டி போவும்போது கத்துனா அப்பா முழிக்க மாட்டாங்கன்னு கணக்குப் போட்டிருக்கான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை மறைக்க ஏதோ கிண்டலாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. நல்ல கிண்டலாக இருந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை போட்ட திட்டம்தான் நீங்கள் போட்டதிலேயே பெரியது. அவன் மறைந்துகொள்ள ஒரு சத்தம் வேண்டும். அதை ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சில வாரங்களுக்குக் கூட்ஸ் வண்டி. பிறகு பயணிகள் வண்டி, சத்தமும் குறைவு, நீளமும் குறைவு. அதன் பிறகு பெட்டி இல்லாமல் போகும் ஒற்றை என்ஜின். கடைசியாக, தண்டவாளம் பார்க்க அதிகாரியை உட்கார வைத்து நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓடுவார்களே, அந்த டிராலி. கேட்காரரிடம் நயந்து பேசி நேரம் கேட்டு வருவது என் பொறுப்பு. எந்தப் பாடத்திட்டத்திலாவது ரயில்வே டிராலி வந்திருக்கிறதா அண்ணி? தூத்துக்குடியில் உங்களுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

பயணிகள் வண்டிக்குச் சவரி பழக வெகுநாளானது. ஒற்றை என்ஜின் வந்த அன்று வாயைத் திறந்துவிட்டு உடனே கையால் பொத்திக்கொண்டான். மறுபடி ஒரு வாரம் கூட்ஸுக்கே அழைத்துப் போனீர்கள். எனக்குப் பொறுமை போனது. பள்ளிச் சேர்க்கை நெருங்குகிறது, நேராக டிராலிக்குப் போகலாம் என்றேன். "பின்னால போறதும் திட்டம்தான்" என்றீர்கள். அவ்வளவுதான் பதில்.

மே மாத வெயிலில் ஒருநாள் டிராலி வந்தது. கொடி, குடை, உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர். சக்கரம் உராயும் ஓசையைத் தவிர வேறு சத்தமே இல்லை. கயிற்றின் நடுவிலிருந்து ஒரு குரல், தகரத்தைக் கல்லில் தேய்த்தது போல, "சவரிமுத்து" என்றது. தொப்பிக்காரர் யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துத் தொப்பியை எடுத்துக் கும்பிட்டார். பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட்டுக் குதித்தார்கள். நீங்கள் அவனைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. "ஆமா, நீதான் சவரிமுத்து" என்று மட்டும் சொன்னீர்கள், ஏதோ தினமும் நடக்கிற காரியம் போல.

சேர்க்கை அன்று பெரிய பள்ளியில் வயது பார்க்க அவன் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட வைத்தார்கள். பிறகு பேர் கேட்டார்கள். அவன் சொன்ன சொல்லில் தலைமை ஆசிரியர் நாற்காலியோடு பின்னுக்குப் போனதாக நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் "மெதுவாச் சொல்லுப்பா" என்று அவர் சொன்னது நிஜம். "மெதுவாச் சொல்லாதடா கண்ணு" என்று அவன் அம்மா அழுதுகொண்டே சொன்னதும் நிஜம். நீங்கள் வாசலுக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே வந்தால் பையன் உங்கள் முகத்தைப் பார்ப்பானாம், அவரைப் பார்க்க மாட்டானாம்.

அந்த மழைக்காலத்தில்தான் உங்களுக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம், பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் பார்த்தோம். எதிலும் நிற்கவில்லை. நீங்கள் போன அன்று காலனியே அழுதது. அண்ணனைப் பிடித்துவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் அழவில்லை. பந்தலுக்குக் கயிறு கட்டினேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், டீ கொடுத்தேன், மாதா கோயிலிலிருந்து கல்லறை வரை பெட்டியை முன்னால் பிடித்து நடந்தேன். "இவனுக்கு நெஞ்சு கல்லு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டில் ஒரு ஆளாவது திடமாக இருக்க வேண்டாமா?

சில வாரம் கொட்டகை பூட்டிக் கிடந்தது. சிலேட்டு வாத்தியார் ஒருவரைப் போட்டுவிடலாம் என்று மன்றத்தில் பேச்சு வந்தபோது, சவரியின் அம்மா கூடையோடு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாராம். என்ன பேசினார் என்று யாரும் சொல்ல மறுக்கிறார்கள். வெளியே வந்ததும் என்னிடம், "காத்தால சும்மாதான கீற நைனா? பசங்கள நீ பாத்துக்கோ" என்றார். இன்னொரு டீச்சர் கிடைக்கும்வரை தலைமை ஆசிரியர், ஆயா, மணி அடிப்பவர் எல்லாம் நான்தான். நிர்வாகம் என்றால் என்னவென்று இப்போது என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சனிக்கிழமை மதியங்களில் அதே இடத்தில் உட்கார்ந்து, கைக்கு என்ன, காதுக்கு என்ன, வாய்க்கு என்ன என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் தூங்காத வாரத்திலும் கிசுகிசுப்பாகத்தான் கேட்க வருகிறது.

இவ்வளவு பீற்றிக்கொண்ட பிறகு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வாரம் நிலா வாரம், நீங்கள் போன பிறகு வகுப்புக்கு முதல் நிலா. நான் மறந்தே போயிருந்தேன். கதவில் நிலாவைப் போட்டது முனிரத்தினம். பார்க்க முறுக்கு மாதிரி இருந்தது. கயிற்றை எடுத்து வந்ததும் பிள்ளைகள்தான். பெரிய பள்ளிக்கு லீவு என்று சவரியும் வந்து வாலில் எனக்கு முன் முடிச்சைப் பிடித்துக்கொண்டான். தலைமை ஆசிரியரான நான் பின்னால் இழுபட்டுப் போனேன்.

கூட்ஸ் வந்தது. எல்லாரும் கத்தினார்கள். என் பங்குக்குக் கம்பெனிச் சங்கு ஊதலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வந்தது சங்கு இல்லை, அண்ணி. பந்தலிலும் கல்லறையிலும் வராதது மொத்தமும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வண்டிதான் போகிறதே, யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் பொட்டல் நிசப்தமாக இருந்தது, அத்தனை பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேட்காரர்கூடக் கேட்டைத் திறக்காமல் நின்றார். சவரி என்னைக் குனியச் சொல்லி, என் காதோடு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணே, வண்டி எப்பவோ போய்ட்ச்சுண்ணே."